இரட்டையரும் இரு மொழிகளும்

தென்னிந்தியத் திரைப்பட ஆய்வு நாயகர்களையே சுற்றி வளர்ந்தது. எம்.ஜி.ஆரைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலும், என்.டி.ஆர்., சிரஞ்சீவி பற்றி எஸ்.வி. ஸ்ரீநிவாஸ் எழுதியவையும் ரசிகரையும் அரசியலையும் ஆழமாக விளக்கின. நகைச்சுவை இரட்டையருக்கு அந்தக் கவனத்தில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. இது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

ரேலங்கி வெங்கட்ராமையாவும் ரமணா ரெட்டியும் தெலுங்குத் திரையின் லாரல்–ஹார்டி. ரேலங்கி உருண்டையானவர், ரமணா ரெட்டி காற்றில் பறந்துவிடுவார் போன்ற ஒல்லி. இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததுமே அரங்கம் சிரிக்கத் தயாராகிவிடும். இன்று ஹைதராபாத்தின் சொத்தாகிவிட்ட அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி பிறந்தது சென்னை ஸ்டுடியோக்களில். தமிழ்ப் படங்களும் அதே தளங்களில்தான் உருவாயின.

ஒரே தளங்களில் இரு மொழிச் சிரிப்பு உருவானதில்தான் ஆய்வுக்கான விதை இருக்கிறது. ஹாலிவுட்டில் பேசும்படம் வந்த புதிதில், அசல் இரட்டையரான லாரலும் ஹார்டியும் தங்கள் படங்கள் சிலவற்றை ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் மறுபடி நடித்தார்கள். மொழி தெரியாது, ஒலிப்பை மட்டும் பாடம் பண்ணிப் பேசினார்கள். துணை நடிகர்கள் பலர் மாறினாலும் இரட்டையர் மாறவில்லை. பியானோ ஒன்றைப் படிக்கட்டில் ஏற்றும் பாட்டையே கதையாக்கி, 1932இல் வெளிவந்து ஆஸ்கர் வென்ற 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். அவர்களுடைய சிரிப்பு உடம்பில் இருந்தது.

சென்னையின் விஜயா படத்தயாரிப்பு நிறுவனம் வேறு வழியில் போனது. 1957இல் 'மாயாபஜார்' தெலுங்கிலும் தமிழிலும் உருவானபோது என்.டி.ஆர்., சாவித்திரி, ரங்காராவ் மூவரும் இரண்டிலும் இருந்தார்கள். லட்சுமணகுமாரன் என்ற நகைச்சுவை வேடமோ ரேலங்கியிடமிருந்து தமிழ் நகைச்சுவை நடிகர் கே.ஏ. தங்கவேலுவின் கைக்குப் போனது. அபிமன்யு, சகுனி வேடங்களிலும் நடிகர்கள் மாறினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் சிரிக்க வைப்பவர் அந்த ஊர் நாக்கோடு பிறந்தவராக இருக்க வேண்டும் என்று விஜயா கருதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1955இன் 'மிஸ்ஸம்மா' இன்னும் சுவையானது: தெலுங்கில் நாயக நடிகர் நாகேஸ்வரராவ் ஏற்ற துப்பறிவாளர் வேடம், தமிழ் 'மிஸ்ஸியம்மா'வில் தங்கவேலுவுக்கு வந்தது.

நாக்கின் வலிமைக்குத் தமிழில் சாட்சி தேட வேண்டியதே இல்லை. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் செந்தில் விடாமல் ஒரே பதிலைச் சொல்ல, கவுண்டமணியின் கோபம் ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தில் பாதி கொங்குத் தமிழின் வேகம். வேறு மொழியில் கதை தங்கும். அந்த வேகம் தங்காது.

இரண்டு 'மாயாபஜார்'களையும் காட்சிக்குக் காட்சி அருகருகே ஓடவிட்டு, எங்கே இடைவெளி நீள்கிறது, எங்கே சொல் முந்துகிறது என்று அளக்கும் ஆய்வு வேண்டும். அதற்கு ஹைதராபாத்தின் கச்சிபௌலியைப் போல வாய்ப்பான இடம் குறைவு. ஹைதராபாத் பல்கலைக்கழகம் அங்கேயே இருக்கிறது; வளாகத்துக்கு வெளியே மென்பொருள் நிறுவனங்களில், இரு மொழிப் படங்களையும் பார்த்து வளர்ந்த தமிழர்கள் வேலை செய்கிறார்கள். ரமணா ரெட்டி 1974 நவம்பரிலும் ரேலங்கி மறு நவம்பரிலும் மறைந்தார்கள். அவர்களை அரங்கில் பார்த்துச் சிரித்தவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். அவர்களிடம் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.