பெரிய எல்.டி.எல். சாதுவா?

"எல்.டி.எல். 190-ஆ? கவலைய விடுங்க. உங்களுக்கு இருக்கறது பெரிய, பஞ்சு மாதிரி துகள். சின்ன, அடர்த்தியான துகள்தான் ஆபத்து." பேலியோ, கீட்டோ பேசுற இடங்கள்ல இந்த பதில் அடிக்கடி கண்ணில் படுகிறது. கேட்க இதமாத்தான் இருக்கு. ஆனால் இது 1988-லேயே படிப்பதை நிறுத்திக்கொண்ட வாதம்.

அந்த வருஷம் மெலிசா ஆஸ்டின், ரொனால்ட் க்ராஸ் குழுவினர் ஜாமா இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்கள் 109 பேர், வராதவர்கள் 121 பேர். சின்ன துகள் மிகுந்த 'பி' வகைக்காரர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. நல்ல ஆய்வுதான். அந்தக் கூடுதல் ஆபத்தில் டிரைகிளிசரைடுக்கும் எச்.டி.எல்.லுக்கும் பங்கு உண்டு என்று அதே கட்டுரை சொல்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை!

சிக்கல் எங்கே என்றால், சைஸும் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கொலஸ்ட்ராலை மூட்டை என்றும் துகளை வண்டி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 130 மூட்டையை லாரியில் ஏற்றினால் சில வண்டி போதும். குட்டியானையில் ஏற்றினால் நிறைய வேணும். லேப் ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல். எண் மூட்டைக் கணக்கு மட்டுமே. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொள்வதோ வண்டி. அப்போ 'பி' வகைக்காரரின் ஆபத்து வண்டி சின்னதா இருப்பதாலா, நிறைய இருப்பதாலா?

இதைப் பிரித்துப் பார்த்தது அமெரிக்காவின் மெசா ஆய்வு. 5,538 பேரின் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர்த் தடிமனை வைத்து 2007-ல் வெளியான அலசல் அது. தனித்தனியாகப் பார்த்தால் சின்ன துகள் மட்டும்தான் குற்றவாளி மாதிரி தெரிந்தது. காரணம், சின்னது கூடினால் பெரியது குறையும்; அதனால் பெரிய துகளின் கெடுதல் மறைந்துபோகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தபோது இரண்டுமே சுவர்த் தடிப்போடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது. எண்ணிக்கையைக் கணக்கில் கொண்ட பிறகு சைஸுக்கு என்று தனித் தொடர்பே மிஞ்சவில்லை.

இதைவிட எளிய சாட்சி, பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோய். இவர்களுக்குப் பெரும்பாலும் துகள் பெரியதுதான். இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணுக் கோளாறைப் பெற்ற பிள்ளைகளுக்கு, சிகிச்சை இல்லாவிட்டால் பள்ளி வயதிலேயே இதய நோய் வரலாம். "பெரிய துகள் சாது" என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அதற்காக சைஸ் வெறும் கட்டுக்கதை இல்லை. சின்ன துகள் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும், சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும். முக்கியமாக அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். தொப்பை, கூடிய டிரைகிளிசரைடு, குறைந்த எச்.டி.எல். என்ற கூட்டணி நம்ம ஊரில் சர்வசாதாரணம். எல்.டி.எல். 110 என்று நிம்மதியாக இருப்பவரிடம் குட்டியானைகள் வரிசைகட்டி நிற்கலாம். ஆக, சைஸ் பேச்சு உண்மையில் எச்சரிக்க வேண்டியது இவரை. நடைமுறையிலோ அது 190-காரருக்குத் தாலாட்டுப் பாடுகிறது.

வண்டியை எண்ண வழி இருக்கு. ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்றுதான். அதனால் அப்போ-பி அளவு, துகள் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட நேரடிக் கணக்கு. சாதாரண ரத்தப் பரிசோதனைதான், பெரிய லேப்களில் செய்கிறார்கள். கீட்டோவில் டிரைகிளிசரைடு இறங்கி, துகள் பெருத்து, எல்.டி.எல். 120-லிருந்து 190-க்குப் போனவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதுவும் ஏறியிருந்தால் வந்திருப்பது கூடுதல் லாரிகள்.