ரோமுக்கு வயிறு, நமக்கு ஆன்மாவா?

'ஈட் ப்ரே லவ்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2010-ல் வந்தது. எலிசபெத் கில்பர்ட் 2006-ல் எழுதி, உலகமெல்லாம் விற்றுத் தள்ளிய சொந்தக் கதை. விவாகரத்தான அமெரிக்கப் பெண் ஒரு வருஷம் ஊர் சுற்றுகிறாள். இத்தாலியில் சாப்பாடு, இந்தியாவில் சாமி, பாலியில் காதல். ஜூலியா ராபர்ட்ஸ் நடித்திருக்கிறார்.

இத்தாலிப் பகுதி அருமை. சும்மா சொல்லக் கூடாது. ரோமில் தனியாக உட்கார்ந்து ஜூலியா ஒரு தட்டு ஸ்பெகட்டியைக் காலி பண்ணுகிறார் பாருங்கள், நமக்கே பசிக்கிறது. அப்புறம் நேப்பிள்ஸ். 'டா மிக்கேலே' என்று 1870-ல் ஆரம்பித்த பீட்சா கடை. சீஸ் போட்டது ஒன்று, தக்காளியும் பூண்டும் மட்டும் போட்டது ஒன்று, இந்த ரெண்டு ரகத்தாலேயே பேர் வாங்கின கடை. அங்கே, எடை கூடிவிடுமே என்று தயங்குகிற தோழியிடம், 'கூடினால் என்ன, பெரிய சைஸ் ஜீன்ஸ் வாங்கிக்கலாம்' என்கிற மாதிரி ஒரு பேச்சு. தியேட்டரில் பெண்கள் கைதட்டியிருப்பார்கள்.

ஆனால் இத்தாலிக்காரன் சாப்பாடு இப்படி இஷ்டத்துக்கு வெளுத்துக்கட்டுகிற விஷயமா? பாஸ்தா முதல் சுற்று, கறியோ மீனோ ரெண்டாவது சுற்று. மீன் பாஸ்தாவில் சீஸ் தூவினால் முகம் சுளிப்பான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சினோ கேட்டால், 'வெளியூரா?' என்று பார்வையிலேயே கேட்பான். நம்ம பந்தியில் சாம்பாருக்கு முன்னாடி மோர் கேட்டால் பக்கத்து இலைக்காரர் எப்படிப் பார்ப்பார்? அதே பார்வைதான். கேமரா விடுதலையைப் பார்த்த அளவுக்கு இந்த ஒழுங்கைப் பார்க்கவில்லை.

அடுத்து இந்தியா. ஆசிரமத்தில் அவர் தட்டை நிரப்புகிற அழகைப் பார்த்து ஒருத்தர் 'மளிகை' என்றே பட்டப்பேர் வைத்துவிடுகிறார். ஸ்பெகட்டிக்கு அத்தனை குளோஸ்-அப் வைத்த டைரக்டர் ரையன் மர்ஃபிக்கு, இந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதில் அக்கறையே இல்லை. ஏனென்றால் இது 'ப்ரே' கணக்கு. ஜபமாலைக்கு 108 மணி என்பதால் கில்பர்ட் புத்தகத்தையே நாட்டுக்கு 36 அத்தியாயமாகப் பிரித்தவர். பேரேட்டில் தலைப்புப் போட்டாச்சு, அப்புறம் மாற்றி எழுத முடியுமா? போப்பாண்டவர் குடியிருக்கிற ரோமிலும் இதே கதைதான். பெஞ்சில் பக்கத்தில் கன்னியாஸ்திரி. இவர் கையில் ஐஸ்கிரீம். அதோடு சரி.

அரியலூர் பக்கம் எங்க கல்லங்குறிச்சிக்கு வந்திருந்தால் கில்பர்ட் தலைப்பையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். கலியுக வரதராசப் பெருமாள் கோயில். வழக்கமான மூலவர் சிலை கிடையாது, கல் கம்பம்தான் பெருமாள். ராமநவமித் திருவிழாவுக்கு விவசாயி கும்பிடப் போகும்போது தலையில் தானிய மூட்டை இருக்கும். விளைந்ததில் சாமிக்கு ஒரு பங்கு, மிச்சம்தான் வீட்டு உலைக்கு. இதில் எது சோறு, எது சாமி?

2025 டிசம்பரில் இத்தாலியச் சமையலை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூட்டம் நடந்தது டெல்லியில். அதே கூட்டத்தில் நம்ம தீபாவளியும் பட்டியலில் ஏறியது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, பட்சணத்தைச் சாமிக்குப் படைக்கிற பண்டிகை. 'ஈட்'டா 'ப்ரே'யா, நீங்களே சொல்லுங்கள்.

இங்கே வந்து சாப்பிட்ட இத்தாலிக்காரர் ஒருத்தரும் உண்டு. பூசணிக்காயை உள்ளே வைத்துப் பாஸ்தா செய்கிற மாந்துவா பக்கம், காஸ்திலியோனேயில் 1680-ல் பிறந்த பெஸ்கி. நம்ம வீரமாமுனிவர். காவி கட்டி, புலால் விட்டு, இதே ஜில்லாவில் ஏலாக்குறிச்சியில் இருந்து தமிழ் எழுதினார். அவருக்கு ரெண்டும் ஒரே ஊரில் நடந்தது. ஹாலிவுட்டுக்கு அது தோதுப்படாது.

படத்தின் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்கள். பக்கத்தில் சாப்பிட ஏதாவது வைத்துக்கொள்வது உத்தமம்.