தவளை எந்தப் பருவம்?

ஹைக்கூவுக்கு உலக அளவில் எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டால், எண்ணிக்கையைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அமெரிக்காவில் 1968-லும் பிரிட்டனில் 1990-லும் ஹைக்கூ சங்கங்கள் தொடங்கிவிட்டன. பாஷோவின் பயணநூலை ஒக்தாவியோ பாஸ், ஹயாஷியாவோடு சேர்ந்து 1957-ல் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோனார். ஐரோப்பிய மன்றத் தலைவராக இருந்த ஹெர்மன் வான் ரொம்பாய்கூட 2010-ல் ஒரு ஹைக்கூத் தொகுப்பு வெளியிட்டார். தமிழில் பாரதி 1916-லேயே ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். 1984-ல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' வந்த பிறகு தொகுப்புகள் நின்றபாடில்லை. இவ்வளவு தூரம் பயணம் போன சின்ன வடிவம் வேறொன்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

என் கேள்வி வேற. வடிவம் வந்து சேர்ந்துவிட்டது, சரி. அதோடு எது வந்து சேரவில்லை?

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். நான் பொறியாளன், யாராவது '17' என்று சொன்னால் 'அலகு என்ன?' என்று கேட்பது தொழில் பழக்கம். ஹைக்கூவின் 5-7-5-ஐ நாம் 'அசை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஜப்பானியர்கள் எண்ணுவது 'ஓன்' என்ற ஒலி அலகை. 'டோக்கியோ' அவர்கள் காதுக்கு நான்கு ஓன்: முதல் எழுத்தின் நீட்டலும் தனி, கடைசி எழுத்தின் நீட்டலும் தனி. நம் நேர், நிரைக் கணக்கில் அதே சொல் இரண்டே அசை. ஓனுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது நம்முடைய மாத்திரைதான். அதிலும் நாம் மெய்க்கு அரை மாத்திரை கொடுக்கிறோம். அவர்கள் 'ன்' ஒலிக்கு முழு ஓன் கொடுத்துவிடுகிறார்கள். ஆக, அந்த 17 எந்த மொழிக்கும் அப்படியே போகாது. போகாததால் பெரிய நஷ்டமும் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பாஷோ 1686-ல் எழுதிய தவளைக் கவிதையை எடுத்துக்கொள்வோம். பழைய குளம், குதிக்கும் தவளை, தண்ணீரின் ஓசை. உலகத்திலேயே அதிகம் மொழிபெயர்க்கப்பட்ட ஹைக்கூக்களில் அது ஒன்று. முதல்முறை படிக்கிற பலர் மனதுக்குள் கேட்பது: 'இதுல என்ன இருக்கு?' நியாயமான கேள்விதான்.

ஜப்பானியக் கவிதை மரபில் தவளை வசந்தகாலத்துக்குரிய சொல். நிலா என்று மட்டும் சொன்னால் அது இலையுதிர்கால நிலா. இப்படிப்பட்ட பருவச்சொல்லுக்குக் 'கிகோ' என்று பெயர். இவற்றைத் தொகுத்துத் தரும் அகராதிக்குச் 'சாய்ஜிகி' என்று பெயர். அந்த மரபில் தவளை பாட வேண்டும். சுமார் 905-ல் தொகுக்கப்பட்ட 'கொகின்ஷூ'வின் முன்னுரையிலேயே தண்ணீரில் வாழும் தவளையின் குரல் கவிதைக்கு உதாரணமாக வந்துவிடுகிறது. பல நூறு வருடம் பாடிக்கொண்டிருந்த அந்தத் தவளையைப் பாஷோ பாடவிடவில்லை, குதிக்கவிட்டார். கேட்பது குரல் இல்லை, தண்ணீர். அந்தக் காலத்து வாசகனுக்கு அதிர்ச்சி அங்கேதான். அகராதி தெரிந்தவனுக்குத்தான் மீறலும் தெரியும்.

மொழிபெயர்ப்பில் அகராதி வரவில்லை, தவளை மட்டும் வந்தது. தமிழ் வாசகனுக்குத் தவளை என்றால் மழை. சிலாங்கூரில் சாயங்கால இடிமழைக்குப் பிறகு சாக்கடையோரம் தவளை கத்துவது ஏப்ரலிலும் உண்டு, நவம்பரிலும் உண்டு.

அகராதி இல்லாத இடத்தில் கவிதையை ஓட்ட வேறொரு எந்திரம் தேவைப்படுகிறது. தமிழில் அந்த எந்திரம் மூன்றாவது வரி. முதல் இரண்டு வரியில் விடுகதை, மூன்றாவதில் விடை, படித்ததும் 'அட!' என்கிறோம், அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஜப்பானிய ஹைக்கூவின் வெட்டு இதற்கு நேர் எதிரானது. இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு நடுவில் இடைவெளி விடும். இணைப்பது வாசகன் வேலை. நம் மூன்றாவது வரி அந்த வேலையையும் தானே செய்துவிடுகிறது. நம் இதழ்களில் வரும் ஹைக்கூக்களில் பாதிக்கு மேல் சலிப்பூட்டுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்போ பருவச்சொல்லைக் கட்டாயமாக்கிவிடலாமா? ஜப்பானே அதை ஒத்துக்கொள்ளாது. தனெதா சந்தோகாவும் ஒசாகி ஹோசாயும் பருவச்சொல், எண்ணிக்கை இரண்டின் கட்டையும் அவிழ்த்துவிட்டு எழுதியவர்கள். 1940-ல் 'கியோட்டோ பல்கலைக்கழக ஹைக்கூ' இதழைச் சேர்ந்த கவிஞர்கள் கைதானார்கள். பருவச்சொல் இல்லாமல் போரைப் பற்றி எழுதியவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஒரு கவிதை விதி ஆட்சியாளர்கள் பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கைதுகள் சாட்சி. ஆகவே நான் கேட்பது சட்டம் இல்லை. சேர்ந்து புழங்கும் ஒரு சொல்வளம், அவ்வளவுதான். 1996-ல் வில்லியம் ஹிக்கின்சன் பல நாட்டுக் கவிதைகளைக் கொண்டு ஓர் உலகப் பருவத் தொகுப்பு செய்து பார்த்தார். 1999-ன் மட்சுயாமா பிரகடனமும், ஒவ்வொரு பண்பாடும் தனக்கான குறியீட்டுச் சொற்களைக் கண்டடையலாம் என்ற திசையில்தான் பேசியது.

'நமக்குத் திணை இருக்கே!' என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. முல்லை என்றால் காரும் மாலையும் காத்திருப்பும் சேர்ந்தே வருவது கிகோவுக்கு இணையான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெரும்பொழுது ஆறும் இங்கே வராது. கிள்ளானில் அடுக்குமாடி ஏழாம் மாடியில் உட்கார்ந்து மார்கழிப் பனியை எழுதுகிறவர், ஜப்பானியப் பட்டியலைத் தமிழகப் பட்டியலாக மாற்றிக்கொண்டவர், இரண்டும் கடன்தான்.

இந்த மண்ணிலும் பருவம் இருந்தது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் இலை சிவந்து, பழுத்து, கொட்டும். பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களிடம் 'இலை கொட்டுது' என்று சொன்னால் போதும். கடைக்காரனிடம் கடன் சொல்வதுவரை எல்லாம் அதற்குள் இருந்தது. இதைவிட அடர்த்தியான பருவச்சொல் எங்கே கிடைக்கும்? ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக்கு இலையுதிர்காலம் கிடையாது. என் வயதுக்காரர்களுக்கு அந்த இரண்டு சொல்லில் இப்போது வெறும் இலைதான் விழுகிறது.

எங்கள் தலைமுறைக்குப் பொதுவாக இருப்பது 'புகைமூட்டம்'. 2015-ல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிக்கூடங்களையே மூட வைத்தது அது. சுமத்ராவில் எரிகிற காடு, முகக்கவசம், மதியத்தில் ஆரஞ்சு நிறச் சூரியன், பள்ளி லீவு என்று பிள்ளைகள் படுகிற ரகசிய சந்தோஷம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சங்கப் புலவருக்கும் பாஷோவுக்கும் கிடைக்காத பருவம் இது.

அந்தச் சொல்லை மட்டும் எழுதிவிட்டு, விளக்கமே தராமல் அடுத்த வரிக்குப் போகிற துணிச்சல் நம் கவிஞர்களுக்கு வர வேண்டும். மூன்றாவது வரியில் விடை சொல்லாத துணிச்சலும் வேண்டும். அப்படி எழுதினால் ஒசாகாவில் இருக்கிற வாசகனுக்குப் புரியாமல் போகலாம். போகட்டும். பாஷோவின் தவளைக்காக நாம் அவர்கள் அகராதியைத் தேடிப்போனோம் இல்லையா? ஒரு நாள் அவர்களும் நம்முடையதைத் தேடி வரட்டும். உலக வடிவம் என்றால் எனக்குத் தெரிந்து அர்த்தம் அதுதான்.