பெயர் மாறாத தோட்டம், பதிப்பு மாறிய பட்டியல்

நெகிரி செம்பிலானில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்கள் பலவற்றின் பெயர் மாறவே இல்லை. பெயர் பழையதானாலும் லாரியில் ஏறுவது பாலா பழக்குலையா என்று கிராணிக்குத் தெரியும். அவர் மேசையில் இன்று ஓடும் மின்விலைப்பட்டியல் நிரலுக்கு அந்தச் சமயோசிதம் கிடையாது.

மலேசிய உள்நாட்டு வருமான வாரியம் 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியவர்களிடம் தொடங்கி, படிப்படியாக மின்விலைப்பட்டியலைக் கட்டாயமாக்கியது. மைஇன்வாய்ஸ் எனும் அந்த ஏற்பாட்டின் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு அடித்தளம், ஓயாசிஸ் என்ற தர அமைப்பு வெளியிட்ட வணிக ஆவணத் தரமான யூபிஎல் 2.1.

யூபிஎல்லின் பதிப்புமுறையை முதலில் பாராட்டியாக வேண்டும். 2006இல் வந்த 2.0க்குச் சரியான ஆவணம், 2013இல் வந்த 2.1க்கும் சரியானதே. புதியதைச் சேர்க்கலாம், அதுவும் விருப்ப உறுப்பாக. இருப்பதை நீக்கக்கூடாது, பெயரை மாற்றக்கூடாது. உறுப்புகள் எந்தத் தரத்தைச் சேர்ந்தவை என்று காட்டும் பெயர்வெளியின் கடைசியில் வெறும் 2 நிற்கிறது. துணைப்பதிப்புகள் அதைத் தொடுவதில்லை. பெயர்வெளியை மாற்றிவிட்டுத் தவித்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்: உறுப்புகளைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத் வரிகள் எதுவும் பொருந்தாது, பிழைச்செய்தியும் வராது, தொகை இருக்கவேண்டிய இடம் காலியாகத் திரும்பும்.

சிக்கல் மைஇன்வாய்ஸின் சொந்தப் பதிப்புகளில் இருக்கிறது. 1.0இல் மின்கையொப்பம் சரிபார்க்கப்படுவதில்லை, 1.1இல் சரிபார்க்கப்படும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஆவணம் எங்கே சொல்கிறது? விலைப்பட்டியல் வகைக் குறியீட்டின் மேல் ஒட்டிய ‘லிஸ்ட்வெர்ஷன்ஐடி’ பண்பில். யூபிஎல்லில் அந்தப் பண்புக்கு உரிய வேலை, குறியீட்டுப் பட்டியலின் பதிப்பைச் சொல்வது. 01 விலைப்பட்டியல், 02 வரவுக் குறிப்பு, 03 பற்றுக் குறிப்பு என்ற பட்டியலே நாளை திருத்தப்பட்டால் அதன் பதிப்பெண் எங்கே போய் உட்காரும்? இருந்த நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

விளைவு அலுவலகத்தில் தெரியும். கையொப்பமே இல்லாத 1.1 ஆவணம் யூபிஎல் ஸ்கீமா சோதனையில் தேறிவிடும். கையொப்பம் அமரும் உறுப்பு அங்கே விருப்ப உறுப்புதானே. மைஇன்வாய்ஸுக்குப் போனால் தள்ளுபடி. ‘இந்தப் பண்பு இப்படி இருந்தால் அந்த உறுப்பு கட்டாயம்’ என்று சொல்ல, அந்த ஸ்கீமா எழுதப்பட்ட மொழியான எக்ஸ்எஸ்டி 1.0க்கு வாய் இல்லை. 2012இன் எக்ஸ்எஸ்டி 1.1க்கு வாய் உண்டு, யூபிஎல் அதைப் பயன்படுத்தவில்லை. ஸ்கீமாவின் தலையிலேயே பதிப்பு எழுதும் பண்பு ஒன்று இருக்கிறது. சரிபார்ப்பான் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

மின்விலைப்பட்டியல்களைப் பரிமாற உதவும் பெப்பால் வலையமைப்பு இதைவிட நேர்மையாகச் செய்கிறது. எந்த விதித்தொகுப்பு என்பதை ‘கஸ்டமைசேஷன்ஐடி’ என்ற தனி உறுப்பில் பெயர்சொல்லி எழுதி, விதிகளை ஸ்கீமட்ரான் என்ற விதிமொழியில் வைக்கிறது. பராமரிக்கக் கோப்புகள் கூடும், அது உண்மை. ஆனால் விதிக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. அந்த உறுப்பு யூபிஎல்லில் ஏற்கெனவே உண்டு.

ஒரு மாதம் 1.0இல் போன பழக்குலைப் பட்டியலுக்கு, ஆலை விலை திருத்தியதும் அடுத்த மாதம் 1.1இல் பற்றுக் குறிப்பு போகலாம். இரண்டும் ஒரே கணக்கின் இரு துண்டுகள், விதிகளோ வேறு. மலேசிய வருமான வரிச் சட்டம் இத்தகைய பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. தோட்ட அலுவலகங்களுக்கு நிரல் எழுதுபவர்களே, பட்டியலை மட்டும் சேமிக்காதீர்கள். அது அனுப்பப்பட்ட நாளில் நடப்பிலிருந்த ஸ்கீமாவையும் விதிகளையும் பக்கத்திலேயே வையுங்கள்.