இன்டெல் க்ரையோ: பெல்டியர் தகடும் சென்னைக் காற்றும்

2020-ல் இன்டெல் 'க்ரையோ கூலிங்' என்று ஒன்றை அறிவித்தது. அதை வைத்து கூலர் மாஸ்டர், ஈகே இரண்டு கம்பெனிகளும் வாட்டர் கூலர் விற்றன. பிராசசருக்கும் தண்ணீர் ஓடும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு பெல்டியர் தகடு, சங்கதி அவ்வளவுதான். 2023-ல் இன்டெல்லே கைகழுவிவிட்டது. இன்றும் நிறைய பேர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெல்டியரை வாங்கி பிராசசர் மேல் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். வாங்கும் முன் இந்தக் கதையைப் பார்த்துவிடுவது நல்லது.

1834-ல் பெல்டியர் கண்டது இது: இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், ஒரு முனை குளிரும், மறுமுனை சுடும். வெப்பம் எங்கேயும் காணாமல் போவதில்லை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. போகும்போது தகடு தின்ற கரண்டும் வெப்பமாகிக் கூடவே போகும்.

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டிஇசி1-12706. 12 வோல்ட்டில் ஏறக்குறைய 60 வாட் தின்னும். இரண்டு பக்கமும் ஒரே சூட்டில் இருந்தால் 50 வாட்டை ஒட்டி வெப்பத்தைக் கடத்தும். இரு பக்கத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் வேண்டும்னா அதில் பாதிதான். 65 வாட் பிராசசரை இதன் அடியில் வைத்தால் என்ன ஆகும்? ஹீட்சிங்க் 65-க்குப் பதில் 125 வாட்டைத் தள்ள வேண்டும், பிராசசரோ அந்தச் சூடான ஹீட்சிங்கைவிடவும் சூடாக இருக்கும். காசு கொடுத்துக் கம்பளி போர்த்தின மாதிரி.

இன்டெல் இதைத் தெரியாமல் செய்யவில்லை. அவர்கள் தகடு 200 வாட் வரை தின்னும் பெரிய சைஸ். ஆனால் ஐ9-10900கே முழு வேகத்தில் 250 வாட் வரை போகும். இரண்டையும் கூட்டினால் 450 வாட்டை ஒரு ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும் கேமுக்குச் சரி, வீடியோ ரெண்டர் போட்டால் திணறத்தான் செய்யும்.

சும்மா சொல்லக்கூடாது, கன்ட்ரோல் பகுதி அருமை. காற்றின் ஈரத்தை சென்சாரால் அளந்து, பனிநிலைக்குக் கீழே போகாமல் தகட்டின் கரண்டை சாஃப்ட்வேரே குறைத்துவிடும். மதர்போர்டில் தண்ணீர் கோக்காது. வெறும் தகட்டை ஒட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆனால் அதே பாதுகாப்புதான் நம்ம ஊரில் இந்தப் பொருளைக் கேலிக்கூத்தாக்குகிறது. 21 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு குளிர்நாட்டு அறையில் பனிநிலை 3 டிகிரி. அறையைவிட 18 டிகிரி கீழே போக இடம் இருக்கிறது. சென்னையில் 32 டிகிரி, 70 சதவீதம்னு வையுங்கள், பனிநிலை 26. கிடைப்பது வெறும் 6 டிகிரி! அதற்கு 200 வாட். அந்த 200 வாட்டும் அறைக்குள்தான் வரும், ஏசி இருந்தால் அதற்கும் வேலை கூடும்.

பெல்டியரே உதவாது என்று சொல்லவில்லை. ஃபைபர் ஆப்டிக்கில் லேசர் டயோடின் சூட்டை நகராமல் பிடித்து வைப்பதற்கும், வானியல் கேமராவின் சென்சாரைக் குளிர்விப்பதற்கும் இதுதான் கை கொடுக்கிறது. அங்கெல்லாம் அள்ள வேண்டியது சில வாட்தான்.