தொண்டு நிறுவனங்களின் இணையக் கடைகள்: மறுவடிவமைப்பின் நிறைகுறைகள்

நன்கொடையாக வந்த பொருள்களை விற்று, அந்தப் பணத்தை அறப்பணிக்குச் செலவிடும் கடைகள் பிரிட்டனில் ஏராளம். 1942-இல் ஆக்ஸ்போர்டில் பஞ்ச நிவாரணக் குழுவாகத் தொடங்கிய ஆக்ஸ்பாம் 2007-இல் இணையக் கடையையும் திறந்தது. ஊர்க் கடைகளின் தன்னார்வலர்களே பொருளைப் படமெடுத்து, விவரம் எழுதி, விற்றபின் அஞ்சலில் அனுப்பும் முறை அதில் உண்டு. இத்தகைய தளங்களைப் புதுப்பிக்கும்போது பெரும் வணிக நிறுவனங்களின் தளங்களையே முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். இந்தப் போக்கு வாங்குபவருக்குப் பல வசதிகளைத் தந்திருக்கிறது. ஆனால் தொண்டுக் கடையின் இயல்பையும் உழைப்பையும் அது போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை.

பணம் செலுத்தும் வழியைச் சீராக்கியது இதன் முதல் நிறை. இணைய வணிக ஆய்வுகளைத் தொகுக்கும் பேமார்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, பொருள் சேர்த்த கூடைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு வாங்காமலே கைவிடப்படுகிறது. பலர் வெறுமனே பார்க்க வந்தவர்கள். மற்றவர்கள் விலகுவதற்கு, கடைசிப் பக்கத்தில் திடீரென ஏறும் கட்டணமும் கணக்குத் தொடங்கும் கட்டாயமும் முக்கியக் காரணங்கள். பழைய புத்தகத்தின் விலையைவிட அஞ்சல் கட்டணம் மிகுதியாகிவிடலாம் என்பதால், அதைப் பொருளின் பக்கத்திலேயே காட்டுவது நேர்மையும் பயனும் சேர்ந்த மாற்றம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்ற சர்வதேச அணுகல் நெறியைப் பின்பற்றினால் பார்வை மங்கிய முதியவர்களும் எளிதில் வாங்கலாம்.

குறைகள் சரக்கின் இயல்பிலிருந்து தொடங்குகின்றன. வணிகத் தளத்தில் ஒரு சட்டையை ஒருமுறை படமெடுத்தால் ஆயிரம் சட்டைகளை விற்கலாம். தொண்டுக் கடையில் ஒரு மேலங்கிக்கு ஒரு பக்கம். அது விற்றதும் அந்தப் பக்கத்தின் வேலை முடிந்தது. வாடிக்கையாளர் மதிப்புரை, அளவுத் தேர்வு போன்ற உறுப்புகளுக்கு இங்கே இடமில்லை. மாறாக, நுணுக்கமான தேடல் வடிகட்டிகளும், விற்ற பொருளுக்கு நிகரானவற்றைக் காட்டும் ஏற்பாடும் தேவை. ஒருவர் பணம் செலுத்தும்போதே அதே பொருளை வேறொருவர் வாங்கிவிடாதபடி அதை ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய ஆடைகளின் அளவுக் குறிகள் காலத்துக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறுவதால், மார்பளவையும் நீளத்தையும் சென்டிமீட்டரில் தருவதே நம்பகமான வழி. கறையையும் கிழிசலையும் தனிப் படத்தில் காட்டினால் பொருள்கள் திரும்பி வருவது குறையும். பிரிட்டனில் இணையத்தில் வாங்கியதைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை இருப்பதால், திரும்பி வரும் ஒவ்வொரு பொதியும் அறப்பணிக்குச் செல்ல வேண்டிய பணத்தில் கைவைக்கிறது.

பதிவேற்றுபவரை மறப்பது இதைவிடப் பெரிய குறை. வாங்குபவருக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு விவரத்தையும் ஒரு தன்னார்வலர் அளந்து, எழுதி நிரப்ப வேண்டும். திரை சிக்கலாக இருந்தால் விவரங்கள் அரைகுறையாகும், பதிவேறும் பொருள்களும் குறையும். பட்டைக் குறியை வருடியதும் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தாமாக நிரம்புவதும், கைபேசியிலேயே படமெடுத்து ஏற்றுவதும் கடையின் முகப்பு அழகைவிட அவசரமான தேவைகள்.

விற்பனை உத்திகளிலும் எச்சரிக்கை வேண்டும். ‘இன்னும் ஒன்றே உள்ளது’ என்பது இங்கே எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். அதைக் கொட்டை எழுத்தில் காட்டி அவசரப்படுத்துவது வாங்குபவரின் நம்பிக்கையைக் குலைக்கும். கூடுதல் தொகைக்கான பெட்டியில் முன்கூட்டியே குறியிட்டு வாங்குபவரின் சம்மதமாகக் கொள்வதை பிரிட்டனின் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகள் ஏற்பதில்லை. கொடுத்தவரையும் மறக்கக் கூடாது. கிஃப்ட் எய்ட் திட்டப்படி, வரி செலுத்தும் நன்கொடையாளர் தம் பொருளின் விற்பனைத் தொகையைத் தொண்டு நிறுவனத்துக்கே விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும். பொருளுடன் வந்த நன்கொடையாளர் குறியீடு புதிய தளத்தில் தொலைந்தால் அந்த வருவாயும் போய்விடும்.

ஆகவே மறுவடிவமைப்பின் வெற்றியை விற்பனைத் தொகையால் மட்டும் அளப்பது போதாது. அஞ்சல் செலவும் திரும்பி வந்தவையும் கழிந்தபின் அறப்பணிக்கு எஞ்சும் பணம், ஒரு பொருளைப் பதிவேற்ற ஆகும் நேரம், மீண்டும் வந்து வாங்குபவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.