கற்றாழை நாரில் எழும் ஓசை

டார்ட்ஸ் பலகையில் எஃகு முனை பாயும்போது ‘டொப்’பென்று ஓர் அடங்கிய ஓசை எழும். அதற்காகவே எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். நல்ல பலகை மரத்தால் ஆனதல்ல. கற்றாழை இனத்துச் சிசல் நாரைக் கட்டுகளாக்கி, நெருக்கி அழுத்தி, முகப்பை மழமழவென்று தேய்த்துச் செய்தது. நம்மைப் பார்த்து நிற்பவை நார்களின் நுனிகள்தான். அம்பு அவற்றை விலக்கிக்கொண்டு நுழைகிறது. பிடுங்கியதும் நார்கள் மறுபடி நெருங்கித் துளையை மூடிக்கொள்கின்றன. என்ன அருமையான யோசனை!

பிளாஸ்டிக் முனைக்கு வேறு பலகை. அதன் முகமெங்கும் பொடித் துளைகள். ஒன்றில் முனை சிக்கியதும் அந்தக் கட்டம் அழுந்தி, எண் தானாகவே திரையில் ஏறிவிடும். அம்பும் இலேசு, பெரும்பாலும் 20 கிராமுக்குள். ஜப்பானிய மதுக்கூடங்களில் இதற்குத்தான் செல்வாக்கு. முனை வளைந்தால் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதையே சொல்வேன்.

ஆனாலும் என் மனம் இங்கிலாந்து பப்களின் எஃகு முனைப் பக்கமே சாய்கிறது. 2.37 மீட்டர் தள்ளி நின்று எறிகிறார்கள். 501-இலிருந்து மனத்துக்குள்ளேயே கழித்துக்கொண்டு வருகிறார்கள். 121 மிச்சமென்றால் மும்மடங்கு 20, மும்மடங்கு 11, இரட்டை 14 என்று கை ஓங்குமுன்பே கணக்கு தயாராக இருக்கும். கடைசி அம்பு இரட்டை வளையத்தில் இறங்க வேண்டும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். கம்பியில் நேராகப் பட்டுத் தெறித்து விழுந்தால் அந்த அம்புக்கு எண்ணே கிடையாது.